பழகாதவர்கள் எங்கே போனார்கள்

பிரபு,

நேற்று போனில் நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்த ஒரு விஷயம் என்னை இன்று வேலைக்குப் போகவிடவில்லை. கம்பெனியில் ஸ்டோர் வேலைக்கு உன்னைக் கேட்டார்கள். நீ வேண்டாமென்று சொல்லிவிட்டாய். திறந்த வெளியில் குழாய் பதிக்கிற ஆட்களுக்கு ஃபோர்மேனாக அடுத்த வாரத்திலிருந்து போகிறாய். அவ்வளவுதான் செய்தி. "மரக்காணத்து உப்பளத்துல ஆறு சீசன் நின்னவன்பா நானு. எனக்கு வெயிலு இன்னா பண்ணும்" என்று சிரித்தாய். ஸ்டோரில் உட்காருவது உடம்பில் தெம்பில்லாதவன் வேலை என்றும் சொன்னாய். நானும் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, பிரபு. முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து அடுத்தவர்களை அதட்டியே பழக்கப்பட்டவன் இப்படி எழுதுகிறேனே என்று நீ சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கடைசி வரை படி.

போனில் இதைச் சொல்ல முடியாது. நான் ஒன்று ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். நீ குறுக்கே பேசாவிட்டாலும் எனக்குத் தைரியம் வராது. அதனால்தான் உன் பெண்டாட்டி ரேவதி பாடம் நடத்த வைத்திருக்கிற நோட்டு ஒன்றை வாங்கி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளும் படிப்பாள், அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. உன் ரூமில் இருக்கிற பையன்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களில் யாருக்காவது என்னைத் திட்டத் தோன்றினால் திட்டட்டும்.

நீ இருக்கிற ஊரில் வெயில் எத்தனை டிகிரி என்று பார்க்கிற மாதிரி ரேவதி என் போனில் ஏதோ வைத்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன். நீ அரபு நாட்டுக்குப் போனது தை மாதம். போய் இறங்கிய வாரமே "நம்ம ஊரவிட இங்க குளுகுளுன்னு இருக்குதுப்பா" என்றாய். நானும் நம்பி நிம்மதியாக இருந்தேன். இப்போது பங்குனி முடியப்போகிறது, அந்த எண் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் எவ்வளவு கெட்டியாகிறது என்று டிகிரி பார்த்தே காலம் தள்ளியவன் நான். எண் ஏறினால் எனக்குச் சந்தோஷம்தான், ஏறினால்தானே உப்பு இறங்கும். ஏறுகிற எண்ணைப் பார்த்துப் பயப்படுவது எனக்கு இதுதான் முதல் தடவை. மதியத்தில் வேலையை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஒன்றும் ஆகாது என்று நீ உன் அம்மாவிடம் சொன்னாயாம். நாமும் விடியற்காலையில் இறங்கி மதியத்துக்கு முன்பே கரையேறுகிறவர்கள்தானே. என் கண் முன்னால் மயங்கி விழுந்தவர்கள் எல்லாரும் விழுந்தது காலை பத்து பத்தரைக்குத்தான்.

பத்து நாளைக்கு முன்னால் ரேவதி உப்பளத்துக்கு வரவேண்டும் என்றாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஒவ்வொரு குட்டையிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டுமாம். ஐந்து மாத வயிற்றோடு வரப்பில் நடக்கவிடுவதா என்று உன் அம்மா என்னை ஒரு பிடி பிடித்தாள். கடைசியில் குடையும் கொடுத்து, எனக்கு நாலு திட்டும் கொடுத்து அனுப்பினாள். நான்தான் ஒவ்வொரு குட்டையாகக் காட்டிக்கொண்டு போனேன். கடல் தண்ணீர் வருகிற ஓடையிலிருந்து மோட்டார் போட்டு இறைக்கிற முதல் குட்டையில் மடவை மீன், ஜிலேபி மீன், இறால், நண்டு எல்லாம் இருக்கும், உனக்குத் தெரியும். அடுத்த குட்டையில் உப்பு கூடிவிடும், கட்டைவிரல் நீளத்துக்குப் பொடிமீன் மட்டும்தான். மூன்றாவதில் மீன் என்ற பேச்சே கிடையாது. நூல் துண்டு மாதிரி சிவப்பாக ஒரு பூச்சி நீந்தும், பூநாரை வந்து தலையை உள்ளே விட்டு அலசித் தின்னுமே, அது. ரேவதி அதற்கு ஆர்ட்டீமியா என்று பெயர் சொன்னாள். தண்ணீர் வற்றிப் போனாலும் அதன் முட்டை வரப்பு ஓரத்தில் தூசியாகக் கிடந்து, மழை வந்ததும் பொரிக்குமாம். உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் தண்ணீரே சிவந்து கிடந்தது. அதிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறது, அந்தச் சிவப்பே அதனால்தான் என்றாள்.

எனக்கு அவள் முன்னால் கொஞ்சம் பெருமை பீற்றிக்கொள்ள ஆசை வந்துவிட்டது. படித்த மருமகள், நாம் ஏதாவது சொல்லிக் கேட்கிறாளே என்று. "அந்தப் பூச்சி பாரும்மா, இம்மாம் உப்புலயும் பழகிக்கிச்சு. என் ஆளுங்களும் அப்படித்தான், வெயில் ஒண்ணும் பண்ணாது, பழகிட்டாங்க. உன் புள்ளைக்குப் பழகவே வேணாம், ரத்தத்துலயே வந்துடும்" என்றேன். அவள் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள்.

"பழகாததெல்லாம் எங்க மாமா போச்சு?"

எனக்குப் புரியவில்லை. முதல் குட்டைத் தண்ணீரைத் திறந்துவிடும்போது மீனும்தானே சேர்ந்து அடுத்த குட்டைக்குப் போகிறது, அந்த மீன் எல்லாம் எங்கே என்றாள். எங்கே என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் இரண்டாவது குட்டை ஓரமாக வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும். காக்காயும் கொக்கும் வந்து பொறுக்கிக்கொண்டு போகும். பத்து மணிக்குள் இடம் சுத்தமாகிவிடும். அதைத் தாண்டித்தான் நான் தினமும் நடந்து போயிருக்கிறேன். உயிரோடு நீந்துகிறதை மட்டும் பார்த்து, பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் எனக்குப் பாடம் எடுக்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரே ஈற்றில் பிறந்த பூச்சிகளிலும் ஒன்று மாதிரி ஒன்று இருக்காதாம். ஒன்று உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், இன்னொன்று தாங்காது. தாங்காதது செத்துப்போகும், தாங்கியது குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சுகளிலும் அதே கதை நடக்கும். இப்படிக் கணக்கில்லாத தலைமுறை போன பிறகு நின்றதுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற பூச்சி. எந்தப் பூச்சியும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகவில்லை. மனுஷனுக்கும் பழக்கம் வராதா என்று கேட்டேன். வரும், தண்ணீரும் நிழலும் கொடுத்து நாளுக்குக் கொஞ்சமாக வெயிலில் விட்டால் உடம்பு ஓரளவு பிடித்துக்கொள்ளும் என்றாள். ஆனால் அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறுமாம், அதற்கு மேலே யாராக இருந்தாலும் முடியாதாம். ஒரு மாதம் வெயிலை விட்டு விலகி இருந்தால் வந்த பழக்கமும் போய்விடுமாம். அப்பன் பழகியது பிள்ளைக்குப் பிறப்பிலேயே வராதாம். "நீங்க பழகினது உங்களோட மாமா" என்றாள். பாட்டில் நாலையும் பையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள்.

"உங்க ஆளுங்கள்லயும் பழகாதவங்க இருந்திருப்பாங்க இல்ல? அவங்க எங்க போனாங்க?"

வெயில் ஏறுகிறது, வா போகலாம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதினைந்து நாள் கணக்கு உனக்கு நினைவிருக்கும். புது ஆள் வந்தால் பதினைந்து நாளைக்கு ஆள் கணக்கு நோட்டில் பெயர் எழுதமாட்டேன். கொட்டகைக்கும் தண்ணீர்ப் பானைக்கும் ரொம்பத் தள்ளி இருக்கிற கடைசிப் பாத்தியில் நிறுத்துவேன். தாங்குகிறானா பார்ப்போம் என்றுதான். யாராவது மயங்கி உட்கார்ந்தால் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, "பழகிடும்பா" என்பேன். பதினைந்து நாள் நின்றவன் பெயர் நோட்டில் ஏறும், நிற்காதவன் தானாகவே வராமல் போவான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி எனக்குச் செய்தது, நானும் செய்தேன். சுற்று வட்டாரத்தில் என் செட்டு ஆட்கள் இரும்பு என்று பெயர். இரும்பு ஆட்களை நான் உருவாக்கியதாக இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நான் செய்ததெல்லாம் மற்றவர்களை வடிகட்டி வெளியே தள்ளியது மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வராமல் நின்றுபோன என் ஆள் ஒருவனைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு பெருமுக்கல் ஊருக்குப் போனேன். ஏழுமலையை உனக்கு ஞாபகம் இருக்காது. மலை அடிவாரத்திலிருந்து வந்த ஆள், கையும் காலும் நல்ல நீளம், அதிகம் பேசமாட்டான். பதினைந்து நாளும் கடைசிப் பாத்தியில் நின்று நோட்டில் பெயர் ஏறியவன். அடுத்த சீசனும் வந்தான், பாதியில் நின்றுபோனான். வேறு எங்காவது கட்டட வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்து மறந்துவிட்டேன். வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது அவன் மனைவி வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதி, கை குச்சியாகி, தோல் கறுத்து இருந்தான். இரண்டு கிட்னியும் போய்விட்டதாம், வாரத்துக்கு இரண்டு தடவை பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்களாம். உப்பளத்தால்தான் இப்படி ஆனது என்று எந்த டாக்டரும் அவனிடம் சொல்லவில்லை. நானும் டாக்டர் இல்லை. ஆனால் நான் கேட்காமலே அவன் சிலதைச் சொன்னான். அந்த நாட்களில் சிறுநீர் டீத்தண்ணி நிறத்தில் போகுமாம். பானை தூரத்தில் இருந்ததால், அடிக்கடி நடந்து போனால் நான் பார்த்துவிட்டு நோட்டில் பெயரை அடித்துவிடுவேனோ என்று தண்ணீர் குடிக்காமலே நின்றிருக்கிறான். தலை சுற்றினால் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு, குனிந்து ஏதோ பார்க்கிற மாதிரி நிற்பானாம்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லிவிட்டு வந்திருப்பேன். மனைவியைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னான். கிளம்பும்போதுதான் அதைச் சொன்னான்.

"பழகிடும் பழகிடும்னு சொன்னீங்க மேஸ்திரி. நானும் பழகிடும்னுதான் இருந்தேன். எனக்குப் பழகல."

ஆட்டம் போட்டுக்கொண்டு இருந்த ஆள் இல்லை அவன், சோம்பேறியும் இல்லை. விழுந்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போனவர்களாவது தப்பித்தார்கள். விழாமல் சமாளித்தவனைத்தான் நான் பலசாலி என்று நினைத்து நோட்டில் எழுதினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வரும்போது வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டு நின்றேன். அப்போது நான் நினைத்தது ஏழுமலையை இல்லை, உன்னைத்தான். அதுவும் என் புத்தி எப்படிப்பட்டது என்று காட்டுகிறது, இல்லையா?

இனி எழுதப்போவதைத்தான் பத்து வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் நீயாகவே உப்பளத்துக்கு வருகிறேன் என்றாய். மூன்றாவது நாள், பத்து மணி இருக்கும். நீ பாத்திக்குள் விழுந்தாய். வழுக்கி விழுந்ததாகத்தான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறாய், ஏனென்றால் நான் அப்படித்தான் சொன்னேன். நீ வழுக்கவில்லை. அதற்கு முன்னால் கொஞ்ச நேரமாகவே நீ சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாய், பக்கத்தில் நின்ற ஆம்பளை ஆளை அம்மா என்று கூப்பிட்டாய். ஓடி வந்து தூக்கினபோது உன் உடம்பு கொதித்தது, வேர்வை ஒரு சொட்டு இல்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினேன். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். கண்ணை எவ்வளவு நேரம் கழித்துத் திறந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் வீட்டுக்குப் போய் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நீ கண் திறந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? பார்த்து நடக்கத் தெரியாதா என்று திட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட உன்னைக் கொண்டுபோகவில்லை. மேஸ்திரி மகன் மூன்றாவது நாளே விழுந்துவிட்டான் என்று யாரும் பேசக்கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாளிலிருந்து மோட்டாரில் கோளாறு வர ஆரம்பித்தது. ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மணி ஆனால் போதும், மோட்டார் நின்றுபோகும். நான் வரப்பில் நின்று உன்னைக் கூப்பிடுவேன். நீ உப்புக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாய், மோட்டார் ரூமுக்குள் புகுந்து கரையேறுகிற நேரம் வரை குடைவாய். மரக்காணத்திலேயே இவ்வளவு சீக்குப் பிடித்த மோட்டார் வேறு கிடையாது என்று இன்னும் சொல்லிச் சிரிப்பாய். பிரபு, அந்த மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. நான்தான் ஃபியூஸைப் பிடுங்குவேன். சில நாள் பெல்ட்டைத் தளர்த்தி வைப்பேன். உனக்கு சந்தேகம் வரக்கூடாது என்று ஒயரைக் கழற்றிக்கூட வைத்திருக்கிறேன். ஆறு சீசனும் இதைச் செய்தேன். வெயில் ஏறிய பிறகு நீ பாத்தியில் நின்ற நாட்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் ஓட்டுக் கூரைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தாய். உன்னோடு சேர்ந்த மற்ற பையன்கள் கடைசிப் பாத்தியில் நின்றார்கள், அவர்களுக்கு நான் பழகிடும் என்றேன். அந்த மோட்டாரைக் குடைந்து குடைந்துதான் உனக்கு ஐடிஐ போகிற ஆசை வந்தது, அதனால் நல்லதும் நடந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கூடவே வேறு ஒன்றும் உன் தலைக்குள் ஏறிவிட்டது. நீ வெயிலைத் தாங்கின உடம்புக்காரன் என்று நம்புகிறாய். அந்த நம்பிக்கையோடுதான் ஸ்டோர் வேலையை உதறியிருக்கிறாய். அது நான் சொன்ன பொய்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் அப்போதே தெரிந்திருக்கிறது. நேற்று நீ போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லிடுங்க அவன்கிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளும் ஆறு சீசன் என்னை ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறாள், என்னைக் காப்பாற்றவா உன்னைக் காப்பாற்றவா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நீ கோபப்படுவாய். படு, அதற்கு உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் கோபத்தில் என்னைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று வெயிலில் போய் நிற்காதே. உன்னை எனக்குத் தெரியும், நீ என் பிள்ளைதான், அந்த வீம்பு மட்டும் ரேவதி சொன்ன எந்தப் பாடத்துக்கும் கட்டுப்படாமல் அப்படியே வந்திருக்கிறது. பூச்சிக்குத் தலைமுறை தலைமுறையாகச் செத்துச் செத்துத் தேறுவதற்கு இடம் இருக்கிறது. உனக்கு இல்லை. நீ ஒரே ஆள். ரேவதிக்கும் அவள் வயிற்றில் இருக்கிறதுக்கும் வேறு ஆள் கிடையாது. ஸ்டோர் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று போய்க் கேள். "எனக்கு ஒரு தடவை வெயிலில் மயக்கம் வந்திருக்கிறது, அது எனக்கே நேற்றுதான் தெரியும்" என்று உங்கள் கம்பெனி டாக்டரிடம் சொல். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் எங்கப்பன் ஒரு பொய்யன் என்று ஆரம்பி, மீதி தானாக வரும்.

ஒருவேளை அந்த வேலை போய்விட்டது, ஃபோர்மேனாகத்தான் நின்றாகவேண்டும் என்றால், எனக்கு இன்னும் பெரிய பயம் இருக்கிறது. நீ உன்னை மட்டும் பார்க்கிறவன் இல்லை அப்போது. ஊரிலிருந்து புதிதாக வருகிற பையன்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "பழகிடும்" என்று உன் வாயில் வரும். என் வாயிலிருந்து கேட்டு வளர்ந்தவன், வராமல் இருக்காது. வரும்போது ஏழுமலையை நினைத்துக்கொள். புது ஆளை முதல் நாளே முழு நேரம் நிறுத்தாதே, தண்ணீரை அவன் காலடியில் வை, சிறுநீர் என்ன நிறம் என்று கூச்சப்படாமல் கேள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவன் திடீரென்று கடப்பாரையை ஊன்றிக் குனிந்து நின்றால் அவனை முதலில் நிழலுக்குக் கூட்டிப் போ.

நான் இங்கே பானையைக் கடைசிப் பாத்திக்கு மாற்றிவிட்டேன். பதினைந்து நாள் கணக்கை விட்டுவிட்டேன், வந்த அன்றைக்கே நோட்டில் பெயர் எழுதுகிறேன். பழைய ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மேஸ்திரிக்கு வயசாகிவிட்டது என்கிறார்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு இது உதவலாம், ஏழுமலைக்கு உதவாது. பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக் காலையும் எழுந்ததும் போனில் உன் ஊர் எண்ணைத்தான் பார்ப்பேன், அது ஏறித்தான் இருக்கும். ஒன்பது மணி ஆனால் என் கை தானாக மோட்டார் ரூம் பக்கம் போகும், ஆறு சீசன் பழக்கம் அது. இங்கே ஃபியூஸைப் பிடுங்கி என்ன பிரயோஜனம்? அங்கே பிடுங்க நான் இல்லை, பிரபு. நீயே பிடுங்கிவிட்டு நிழலுக்கு வந்துவிடு.

அப்பா